எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல

புரானாபூலில் காரை ஓரங்கட்டும்போதே மாரேட்பள்ளி மாமா முதல் கைக்குட்டையை எடுத்துவிடுவார். மூசி ஆற்று நாற்றத்துக்காக என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். நாற்றத்துக்குத் தனியாகத் துண்டு உண்டு, தோளில் கிடக்கும். கைக்குட்டை கண்ணீருக்கு.

"1578. இந்தப் பாலத்தை எதுக்குக் கட்டினாங்க தெரியுமா?"

தெரியும். பதினொரு தடவை கேட்டாகிவிட்டது. ஹைடெக் சிட்டியில் வேலை கிடைத்து நான் ஐதராபாத்துக்கு வந்த நாள் முதல் என் ஞாயிற்றுக்கிழமைகள் மாமாவுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டன. சென்னையிலிருந்து யார் வந்தாலும், மாமாவின் பழைய ரயில்வே சகா, அத்தையின் ஒன்றுவிட்ட தங்கை, காசிக்குப் போகிற வழியில் இறங்கிய மதுரைக்காரர், எல்லோருக்கும் இந்த ஊரின் காதல் க்ஷேத்திரங்களைச் சுற்றிக் காட்டியே தீருவார். பிரியாணி எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்டவருக்கும் முதலில் புரானாபூல்தான்.

கோல்கொண்டாவின் இளவரசன் முகம்மது குலி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிச்லம் கிராமம், அங்கே பாக்மதி என்கிற ஆட்டக்காரி. வெள்ளத்தில் குதிரையை இறக்கிப் பையன் அக்கரைக்குப் போகிறான். விஷயம் அப்பா இப்ராகிம் குலி குதுப் ஷாவின் காதுக்குப் போகிறது. இந்த இடத்தில் மாமா பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தடவுவார். பக்கத்தில் தக்காளிக் கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

"அந்த அப்பன் பையனை அடிக்கலை. பூட்டி வைக்கலை. நீ வேற, அவ வேறன்னு சொல்லலை. பாலம் கட்டினான்யா! அப்பன்னா அவன் அப்பன்!"

கைக்குட்டை.

நான் ஒருமுறை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டேன். முகம்மது குலி பிறந்தது 1565 வாக்கில். 1578-ல் அவனுக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயது, ஏழாம் வகுப்புப் பையன். மாமா தென் மத்திய ரயில்வேயின் கணக்குப் பிரிவில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவர். அரை ரூபாய் இடித்தாலும் மறுபடி முதலிலிருந்து கூட்டுகிற ஆள். அவர் சொன்னார்: "அந்தக் காலத்துல வளர்த்தி ஜாஸ்தி, மாப்ளே." பாக்மதி என்று ஒருத்தி இருந்ததற்கே சரியான ஆதாரம் இல்லை என்று ஹாரூன் கான் ஷெர்வானி போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்களே என்றேன். "பேரே ஷெர்வானி. கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட ஆளுக்குக் காதல் எப்படித் தெரியும்?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். குதுப் ஷாஹி சமாதிகளுக்கு மட்டும் எங்களைக் கூட்டிப்போக மாட்டார். அங்கே ராஜா இருக்கிறார், ராணிகள் இருக்கிறார்கள், பாக்மதிக்கு ஒரு கல்லும் இல்லை. அது மாமாவுக்கு ஜீரணமாகாத விஷயம்.

அடுத்தது சார்மினார், 1591. அங்கே கண்ணீர் கிடையாது. இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும். கண்ணீருக்கு இடைவேளை வேண்டுமல்லவா. அங்கிருந்து அபிட்ஸ் வழியாகச் சுற்றிப் போவோம். போக்குவரத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி 'கோல்டன் திரஷோல்டை'க் காட்டுவார். சரோஜினி இருந்த வீடு. "வங்காளத்துப் பிராமணப் பொண்ணு. மாப்பிள்ளை நம்ம கோவிந்தராஜுலு நாயுடு, டாக்டர். 1898-லயே. கல்யாணம் மெட்ராஸ்ல, நடத்தி வெச்சது வீரேசலிங்கம் பந்துலு." நாயுடு எந்த வகையில் 'நம்ம' என்று நான் கேட்டதில்லை. காதல் ஜெயித்தால் மாமாவுக்கு எல்லோரும் நம்மவர்தான்.

இரண்டாவது, மூன்றாவது கைக்குட்டைகள் கோட்டிக்கு. பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி, 1949-ல் மகளிர் கல்லூரி ஆனது. இருபத்திரண்டு படிகள், இரண்டு பக்கமும் சிங்கம், மேலே ஆகாசத்துக்கு எழும்பி நிற்கிற தூண்கள். மாமா படியேறும்போது மூச்சு வாங்கும், ஆனாலும் கதை நிற்காது. ஜேம்ஸ் அக்கிலிஸ் கிர்க்பாட்ரிக், "நம்ம மெட்ராஸ் கோட்டையில 1764-ல பொறந்தவன்" (பார்த்தீர்களா, இவனும் நம்மவன்), நிஜாமின் சபையில் கும்பெனியின் ரெசிடென்ட். மருதாணி வைத்துக்கொண்டான், மீசை வளர்த்தான், முகலாய அங்கி போட்டான். ஹைர் உன் நிஸா என்கிற பிரபு குலத்துப் பெண்ணைப் பார்த்தான், விழுந்தான். அவளுக்காக இஸ்லாத்தைத் தழுவி நிக்காஹ் செய்துகொண்டான். கல்கத்தாவிலிருந்து வெல்லெஸ்லி விசாரணை வைத்தான். வேலை போகிற நிலைமை. அவன் அசரவில்லை.

"பொண்ணோட பாட்டி துர்தானா பேகமும் அம்மா ஷரஃப் உன் நிஸாவும் சம்மதம். அந்தத் தாத்தன் இருக்கானே, பாக்கர் அலி கான், அவன்தான் குறுக்கே நின்னான். கல்நெஞ்சன். வில்லன்."

பாக்கர் அலி கானின் பெயரைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில் எம்.என். நம்பியாரைத் திரையில் பார்த்த சிறுபிள்ளையின் கோபம் தெரியும்.

கட்டிடத்துக்குப் பின்னால் தோட்டத்தில் அந்தப் பொம்மை வீடு. ரெசிடென்சியின் சின்ன மாதிரி. பர்தாவில் இருந்த ஹைர் உன் நிஸா முன்பக்கம் வந்து மாளிகையைப் பார்க்க முடியாதாம். அதனால் அவள் அந்தப்புரத்திலிருந்தே பார்க்கட்டும் என்று கிர்க்பாட்ரிக் இதைக் கட்டிக் கொடுத்தான் என்பது கதை. இங்கே மாமா கைகட்டி நிற்பார். கிர்க்பாட்ரிக் 1805 அக்டோபரில் கல்கத்தாவில் செத்துப்போனது, அதற்குச் சில வாரம் முன்பு மகனையும் மகளையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பியது, அந்தத் தாய் பிள்ளைகளை அப்புறம் கண்ணால் பார்க்காமலே 1813-ல் கண்ணை மூடியது எல்லாவற்றையும் மெதுவாகச் சொல்லி, விருந்தாளி மூக்கை உறிஞ்சும் வரை விடமாட்டார்.

மாமா சொல்லாமல் விடுகிற சில பக்கங்கள் உண்டு. அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினாலு பதினைந்து வயதுதான், அவனுக்கு முப்பத்தைந்து. கிர்க்பாட்ரிக் இறந்த பிறகு அவனிடம் உதவியாளனாக இருந்த ஹென்றி ரஸ்ஸல் அவளோடு பழகி, பிறகு கைவிட்டு, வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அவள் சொந்த ஊர் திரும்ப முடியாமல் மசூலிப்பட்டினத்தில் கிடந்தாள். மாமாவின் படத்தில் ரஸ்ஸல் வரவே மாட்டான். சென்சார் கடுமை.

காருக்குத் திரும்பும்போது மாமா மூன்று கைக்குட்டைகளையும் மடித்துக்கொண்டே சொல்வார்: "மதம் என்னடா மதம். யார் யாரைக் கட்டிக்கிட்டா என்ன? எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல."

அது நிஜமும்கூட. மேல்வீட்டு ராவின் பையன் கோவாவிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பெண்ணைக் கூட்டிவந்தபோது ஆரத்தித் தட்டை ஏந்தியது மாமா. ரம்ஜானுக்கு எதிர்வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் ஷீர் குர்மா வரும். தீபாவளிக்கு அதே தூக்குச்சட்டியில் அதிரசம் போகும். வெறும் சட்டி இதுவரை படி தாண்டியதில்லை. ஆட்டோக்காரர்களிடம் மாமா பேசுகிற தக்கனி உருதைக் கேட்டு, "சாச்சா, ஆப் யாகுத்புரா கே?" என்று, அந்தப் பேட்டைக்காரராகவே நினைத்துக் கேட்டவர்கள் உண்டு. அதை அத்தையிடம் சொல்லிச் சொல்லி மகிழ்வார்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி யாரும் இல்லை. "நாம மட்டும் போகலாம்ப்பா, ரொம்ப நாளாச்சு" என்று மாமாவின் மகளே கேட்டாள். அவள் பல் டாக்டர், இருபத்தெட்டு வயது. மாமா உருகிப்போய்விட்டார். புரானாபூலில் ஒன்று, கோட்டியில் இரண்டு, மூன்றும் நனைந்தன. பொம்மை வீட்டு வாசலில் வைத்து அவள் சொன்னாள்: கூடப் படித்தவர், டோலிசவுக்கி, பல் டாக்டர்தான், முஸ்லிம்.

"கைக்குட்டை ஈரமா இருக்கும்போதே சொல்லிடலாம்னு நெனச்சேன்" என்று என்னிடம் பிறகு சொன்னாள். கணக்கு நல்ல கணக்குதான். மாமா மூன்று கைக்குட்டைகளையும் ஒவ்வொன்றாக உதறி, மடித்து, பையில் வைத்துக்கொண்டு, "கார் எங்க நிறுத்தியிருக்கே?" என்றார்.

அன்று ராத்திரி எனக்கு ஃபோன். "எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல, மாப்ளே." ஒரு நிமிஷம் சத்தமில்லை. "ஆனா."

பத்து வருஷமாகக் கேட்டு வந்த வாக்கியத்துக்கு இப்படி ஒரு வால் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனா உங்க அத்தைக்கு பிபி. (அத்தைக்கு ஆறு மாதமாகவே விஷயம் தெரியும். பையனுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தனுப்பியதும் அத்தைதான்.) ஆனா மதுரைல பெரியவங்க இருக்காங்க. ஆனா நாளைக்குக் குழந்தை பொறந்தா மொட்டை எங்க அடிக்கறது. எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் அஸ்திரம்: "ஆனா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

டோலிசவுக்கியிலும் ஒருவர் இருந்தார். பையனின் தாய்மாமன், எல்லோருக்கும் 'மாமூ'. இரு தரப்பும் உட்கார்ந்து பேசட்டும் என்று சிகந்திராபாத்தில் ஒரு இரானி ஹோட்டலில் ஏற்பாடு. என்னை மாமாவோடு அனுப்பினார்கள், கார் என்னுடையது என்பதால். மாமூ வெள்ளைத் தாடி, அத்தர் வாசனை, ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். முதல் சாய் வருவதற்குள் அவர் கங்கா-ஜமுனி பண்பாடு பற்றி ஆரம்பித்துவிட்டார். மகாராஜா கிஷன் பர்ஷாத், நிஜாமிடம் இரண்டு தடவை முதன்மந்திரியாக இருந்தவர், வீட்டில் இந்து மனைவியரும் உண்டு, முஸ்லிம் மனைவியரும் உண்டு. பிள்ளைகள் அவரவர் தாய் வழியில் வளர்ந்தார்கள். "யே ஹை ஹைதராபாத், ஜனாப்!" மாமா மேஜையைத் தட்டினார். தன் பங்குக்கு கிர்க்பாட்ரிக்கை இறக்கினார். ஹைர் உன் நிஸா பிள்ளைகளை வழியனுப்பிய கட்டம் வந்தபோது மாமூவும் கைக்குட்டையை எடுத்தார். அவரும் மூன்று வைத்திருந்தார் என்று சத்தியம் செய்வேன். இரண்டு மணி நேரம், ஆறு சாய். உலகத்தில் இவ்வளவு பொருத்தமான சம்பந்திகள் அமைய மாட்டார்கள் என்று நான் மனதில் பந்தல்கால் நட்டுவிட்டேன்.

பில் வந்தது. மாமூ தாடியை வருடிக்கொண்டு சொன்னார்: "ஹமகூ கோயி எத்ராஸ் நை மியா. மகர் லோகாங் க்யா போல்தே?"

எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ஜனங்கள் என்ன சொல்வார்கள். மாமா பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அதேதான்! நானும் அதைத்தான் சொல்றேன்!" கலிமா ஒரு வரிதான், பெண் சொன்னால் போதும், மற்றபடி ஒன்றும் வேண்டாம் என்றார் அவர். பையன் பெயரை மட்டும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார் இவர். இருவரும் கட்டிப்பிடித்துப் பிரிந்தார்கள். கல்யாணம் மட்டும் வேண்டாம் என்பதில் பூரண ஒற்றுமை.

திரும்பி வரும் வழியில் மாமா சரூர்நகரை எடுத்தார். "பேப்பர்ல படிச்சேல்ல. பயமா இருக்குடா."

படித்திருக்கிறேன். 2022 மே 4. முஸ்லிம் பெண்ணைக் கட்டிய தலித் இளைஞர். கல்யாணமாகி மூன்று மாதம். மனைவியோடு பைக்கில் போனவரை நடுரோட்டில் நிறுத்தி அடித்து, குத்திக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அந்தப் பெண்ணின் அண்ணன். மிர்யாலகூடாவும் படித்திருக்கிறேன். 2018 செப்டம்பர் 14, கர்ப்பிணி மனைவியை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வெளியே வந்தவரை வாசலிலேயே வெட்டினார்கள். கூலி கொடுத்து ஏவியது பெண்ணின் அப்பா என்றது போலீஸ். முதலாவதில் பெண்ணின் வீட்டார் ஒரு மதம், இரண்டாவதில் வேறு மதம். கத்திக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாமாவிடம் அதுவரை நான் கோபப்பட்டதில்லை. "சரூர்நகர்ல அந்தப் பொண்ணு கத்திக் கதறினப்ப சுத்தி ஜனங்க நின்னுக்கிட்டிருந்தாங்க மாமா. செல்ஃபோன்ல படம் எடுத்தாங்க. யாரும் கிட்ட வரலைன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சு. நீங்க சொல்ற நாலு பேர் அவங்கதான். அவங்க என்ன சொல்லுவாங்கன்னுதான் நீங்க பயப்படறீங்க."

மாரேட்பள்ளி வரும் வரை இருவரும் பேசவில்லை.

மாமாவின் மகளும் அந்தப் பையனும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். பெயர், வயது, தொழில், விலாசம் எல்லாம் பதிவு அலுவலகப் பலகையில் முப்பது நாள் தொங்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். வீட்டைச் சமாளிக்கப் பயந்து சட்டத்திடம் ஓடுகிற பிள்ளைகளின் விலாசத்தை முதலில் ஊருக்கு ஒட்டிக் காட்டுகிற சட்டத்தை என்ன சொல்வது, தெரியவில்லை. மாமா சட்டப் புத்தகம் வாங்கிவந்தார். தணிக்கைக்காரர் போலச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்து, ஆட்சேபணைக்கு என்னென்ன காரணம் செல்லும் என்று நாலாம் பிரிவைப் படித்தார். முந்தைய கணவனோ மனைவியோ உயிரோடு இருந்தால், சம்மதம் தெரிவிக்கிற மனநிலை இல்லாவிட்டால், வயது பதினெட்டும் இருபத்தொன்றும் ஆகாவிட்டால், விலக்கப்பட்ட உறவாக இருந்தால். அவ்வளவுதான். நாலாம் பிரிவில் நாலு காரணம் இருந்தது, நாலு பேர் இல்லை.

"விலக்கப்பட்ட உறவுன்னா?" என்றார். பின்னிணைப்பைப் புரட்டினோம். ஆணுக்கு முப்பத்தேழு உறவுகள். பட்டியலின் அடியில் அத்தை மகள், மாமன் மகள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மதுரையில் பெரியவர்கள் கூடி, "ஏன் வெளியில தேடணும், உன் தங்கச்சிக்கு ரெண்டாவது பையன் இருக்கானே" என்று என் தம்பியைச் சிபாரிசு செய்திருந்த சமயம் அது. முறைப் பையன், எந்த நாலு பேரும் வாய் திறக்க முடியாத சம்பந்தம். குல வழக்கம் உண்டென்றால் சட்டம் விட்டுக்கொடுக்கும், உண்மைதான். ஆனால் மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இந்தப் புத்தகத்தில் ஆட்சேபணைக்குரியவன் என் தம்பி. டோலிசவுக்கிப் பையனுக்கு ஒரு தடையும் இல்லை. "அரே, என்னடா இது," என்றார் மாமா. சிவப்புப் பென்சிலை மூடி வைத்துவிட்டார்.

இருபதாவது நாளோ என்னவோ, யாரிடமும் சொல்லாமல் பதிவு அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். இதை அங்கிருந்த குமாஸ்தா சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் பலகை முன்னால் கால்மணி நேரம் நின்றாராம். பிறகு உள்ளே வந்து, எழுதிக் கொடுக்க ஒரு தாள் கேட்டாராம். குமாஸ்தா நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆட்சேபணையா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமா. ஆட்சேபணைதான்."

மகளின் பெயருக்குப் பின்னால் வருகிற தகப்பன் பெயரில், அதாவது மாமாவின் பெயரில், ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் தன் பெயரை ஒருத்தனும் தப்பாக எழுதியதில்லை என்று அலுவலகமே அதிர வாதாடி, திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட வைத்துவிட்டுத்தான் கிளம்பினாராம். அந்தக் கல்யாணத்துக்கு எழுத்தில் வந்த ஒரே ஆட்சேபணை அதுதான்.

கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. மாமூவும் வரவில்லை. அத்தை வந்தாள். பையனின் அம்மாவும் வந்தாள். சாட்சிக் கையெழுத்து மூன்றில் ஒன்று என்னுடையது, கார் என்னுடையது என்பதாலேயே.

இரண்டு மாதம் கழித்து ஃபோன். "மாப்ளே, பெரம்பூர்லேர்ந்து என் ஃபிரண்டு வர்றான். ஞாயித்துக்கிழமை வண்டி வேணும்."

புரானாபூலில் கைக்குட்டை வெளியே வரவில்லை. தேதியைச் சொன்னார், பாலத்தைக் காட்டினார், தக்காளி விலையை விசாரித்தார். கோட்டியில் படியேறினோம். மருதாணி, மீசை, அங்கி எல்லாம் வேகமாகக் கடந்துபோயின. பொம்மை வீட்டு முன் வந்து நின்றதும் வழக்கம்போலக் கைகட்டிக்கொண்டார்.

"இந்தப் பொண்ணுக்கு ஒரு தாத்தா இருந்தார். பாக்கர் அலி கான்." அவன் போய், அவர் ஆகியிருந்தார். "அவர் நிலைமையை யாராவது யோசிச்சாங்களா? சொல்லு. வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் அந்தப் பக்கம். பாட்டி அந்தப் பக்கம், அம்மா அந்தப் பக்கம். மனுஷன் தனியா நின்னான். ராத்திரி யார்கிட்ட பேசியிருப்பான்?"

முதல் கைக்குட்டை வெளியே வந்தது.

"கடைசியில தாத்தா சமாதானம் ஆயிட்டாரா?" என்றார் பெரம்பூர் நண்பர்.

மாமாவின் செல்ஃபோன் அடித்தது. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஃபோனை என் கையில் திணித்தார். சுற்றிலும் மரங்கள், கிளிச் சத்தம், வண்டிச் சத்தம் எட்டாத தூரம். "நான் டிராஃபிக்ல மாட்டிக்கிட்டிருக்கேன்னு சொல்லு," என்றார். நாலடி நடந்து போய், திரும்பி வந்து, தாடையைத் தடவிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இந்தக் கடைவாய்ப் பல்லு கூசுது. என்ன பேஸ்ட்னு மட்டும் கேட்டுக்க."